மடுவில் அள்ளிய வண்டலை மாடித் தோட்டத்தில் போடலாமா?

கேள்வி: சென்னை துரைப்பாக்கத்தில், பள்ளிக்கரணைச் சதுப்பின் நீர் வடியும் ஒக்கியம் மடுவுக்குக் கொஞ்சம் தள்ளிக் குடியிருக்கிறோம். போன மாதம் பக்கத்துக் கால்வாயில் தூர் வாரி, மண்ணைக் கரையிலேயே குவித்துவிட்டுப் போனார்கள். என் மாமனார் மதுராந்தகம் பக்கத்து விவசாயக் குடும்பம். "வண்டலை விட்டா வேற உரம் ஏது" என்று ஐந்து சாக்கு அள்ளிவந்து மாடித் தோட்டத்துத் தொட்டிகளில் கலந்துவிட்டார். அரைக்கீரை தளதளவென்று வந்திருக்கிறது. ஆனால் பெருங்குடி குப்பைமேட்டுத் தண்ணீர் இந்த வழியாகத்தான் போகிறது, அந்தச் சேற்றில் காரீயம், காட்மியம் எல்லாம் இருக்கும் என்று எதிர்வீட்டுத் தம்பி பயமுறுத்துகிறார். எங்கள் போர் தண்ணீரைச் சோதித்தபோது உலோகங்களுக்கு நேரே எல்லாம் 'பி.டி.எல்.' என்றுதான் இருந்தது. தண்ணீரில் இல்லாதது மண்ணில் மட்டும் எப்படி வரும்? நான்கு வயது மகன் கையை மண்ணிலிருந்து எடுக்கமாட்டான். வீட்டு வேலைக்கு வரும் அக்கா மடுவில் பிடித்த மடவை மீன் கொண்டுவந்து தருவார், அதைச் சாப்பிடலாமா? மாமனார் மனம் நோகாமல் நான் என்ன செய்ய வேண்டும்?

— துரைப்பாக்கத்திலிருந்து ஒரு வாசகி

பதில்: அன்புள்ள அம்மா, முதலில் செய்ய வேண்டியதைச் சொல்லிவிடுகிறேன். அந்தத் தொட்டிகளில் வந்த கீரையைச் சமையலுக்கு எடுக்க வேண்டாம். மகனை அந்தப் பக்கம் விடாதீர்கள். சிந்திய மண்ணைக் காய்ந்த துடைப்பத்தால் பெருக்காமல் ஈரத்துணியால் துடைத்தெடுங்கள். இதுவரை சாப்பிட்ட இரண்டு மூன்று வேளைக் கீரைக்காகத் தூக்கத்தைக் கெடுத்துக்கொள்ள வேண்டாம். இந்த உலோகங்கள் ஒரே நாளில் ஆளைச் சாய்ப்பவை அல்ல, மாதக்கணக்கில், வருடக்கணக்கில் சேர்ந்து கெடுப்பவை. அதனால் இப்போது நிறுத்தினாலே பெரும்பகுதி வேலை முடிந்தது.

அடுத்து, உங்கள் மாமனார் சொன்னது தப்பில்லை. ஏரி வண்டலைக் கோடையில் வண்டிவண்டியாக அள்ளி வயலில் அடிப்பது நம் ஊர்களின் பழைய வழக்கம், அதற்குக் காரணமும் உண்டு. வண்டல் என்பது மிக நுண்ணிய களிமண்ணும் மக்கிய இலைதழையும் சேர்ந்தது. களித்துகள்களின் மேற்பரப்பில் எதிர்மின்னேற்றம் இருப்பதால் பொட்டாசியம், கால்சியம், அம்மோனியம் போன்ற சத்துகள் ஒட்டிக்கொண்டு நிற்கும். மணலில் போட்ட உரம் அடுத்த மழையில் கரைந்து ஓடிவிடும், வண்டலில் போட்டது தங்கும். அதே பிடிதான் இங்கே வினையாகிறது. காரீயமும் காட்மியமும் செம்பும் துத்தநாகமும் நீரில் நேர்மின்னேற்றம் கொண்டவை. வந்த வேகத்தில் களியிலும் மக்கிலும், துகள்மேல் படிந்த இரும்பு, மாங்கனீசு ஆக்சைடு படலத்திலும் போய் ஒட்டிக்கொள்ளும். நல்ல வண்டலாக இருந்தால் நன்றாகவே பிடித்துக்கொள்ளும். மதுராந்தகம் ஏரியில் மேலேயிருந்து இறங்கி வருவது மழைநீரும் வயல் மண்ணும். ஒக்கியம் மடுவில் இறங்குவது வேறு.

தண்ணீரில் இல்லாதது மண்ணில் எப்படி என்று கேட்டீர்கள். தண்ணீரில் இல்லாமல் போவதே அது மண்ணுக்குப் போய்விட்டதால்தான். உதாரணத்துக்கு, ஒரு கால்வாயில் லிட்டர் நீரில் காரீயம் 1 மைக்ரோகிராம்தான் இருக்கும். அதே இடத்து அடிச்சேற்றில் கிலோவுக்கு 100 மில்லிகிராம் இருக்கலாம். லட்சம் மடங்கு. இது அபூர்வமில்லை, காரீயத்தின் இயல்பே அப்படி. நீரைச் சோதித்தால் எடுத்த நேரத்தில் ஓடிக்கொண்டிருந்தது மட்டும் தெரியும். அடிச்சேற்றில் பல வருடங்களின் படிவு அடுக்கடுக்காகக் கிடக்கும். இந்தியாவில் காரீயம் கலந்த பெட்ரோல் 2000-த்தில் நின்றுபோனது, ஆனாலும் அந்தக் காலத்து வண்டிப்புகைக் காரீயம் நகரத்துக் கால்வாய்களின் அடிச்சேற்றில் இன்னும் படிந்து கிடக்கும்.

அதோடு, நீங்கள் சோதித்தது போர் தண்ணீர். அது மடுவின் நீரே இல்லை, மண் வழியாக வடிகட்டி இறங்கியது. குப்பைமேட்டுச் சாறு நிலத்தடி நீரில் கலக்கும்போது முதலில் காட்டிக்கொடுப்பது உலோகம் அல்ல. குளோரைடுதான் முன்னால் ஓடும், மொத்தக் கரைந்த உப்பின் அளவு ஏறும். அறிக்கையை எடுத்து அந்த வரிகளைப் பாருங்கள். அவை உயர்ந்திருந்தால், உலோகம் இல்லையென்றாலும் அது குடிக்கிற தண்ணீர் இல்லை.

அந்த 'பி.டி.எல்.' என்ற மூன்றெழுத்தைப் பற்றியும் சொல்ல வேண்டும். கருவியால் கண்டுபிடிக்கக்கூடிய அளவுக்குக் கீழே என்பதுதான் அதன் பொருள், 'இல்லை' என்பதல்ல. இந்தியக் குடிநீர்த் தரத்தில் காரீயத்துக்கு எல்லை லிட்டருக்கு 0.01 மில்லிகிராம், காட்மியத்துக்கு 0.003. சுடரில் எரித்து அளக்கும் பழைய முறையில் சில ஆய்வகங்கள் காரீயத்தை 0.05-க்குக் கீழே பார்க்கவே முடியாது. அங்கே 0.03 இருந்தாலும் 'பி.டி.எல்.' என்றுதான் அச்சாகும், அது எல்லையைப் போல மூன்று மடங்கு. எந்த அளவுக்குக் கீழே என்ற எண் பக்கத்தில் இல்லாவிட்டால் போன் போட்டுக் கேளுங்கள், சொல்வார்கள். இன்னொன்று, நீங்கள் நிரப்பிய பாட்டிலில் சொட்டு நைட்ரிக் அமிலம் விட்டுக் கொடுத்தார்களா? அமிலம் விடாமல் இரண்டு நாள் வைத்திருந்தால் உலோகம் பாட்டிலின் சுவரில் ஒட்டிக்கொள்ளும், ஆய்வகம் அளப்பது மிச்சத்தைத்தான். பணம் கட்டி வாங்கிய அறிக்கையைக் குறை சொல்கிறேனே என்று நினைக்க வேண்டாம், இந்த இரண்டு கேள்விக்கும் பதில் தெரியாமல் அதை நம்பவும் வேண்டாம்.

இனி குப்பைமேடு. பெருங்குடியில் 1980-களின் பிற்பகுதியிலிருந்து குப்பை கொட்டியிருக்கிறார்கள், அதுவும் பள்ளிக்கரணைச் சதுப்பின் மேலேயே, அடியில் எந்தத் தடுப்பு விரிப்பும் இல்லாமல். அந்தச் சதுப்பில் ஏறத்தாழ 1,247 ஹெக்டேர் 2022-ல், உலகளவில் முக்கியமான சதுப்புநிலங்களுக்கான ராம்சார் பட்டியலில் சேர்ந்தது. தென்சென்னை ஏரிகளின் உபரிநீர் சதுப்பில் தேங்கி, ஒக்கியம் மடு வழியாகப் பக்கிங்காம் கால்வாய்க்குப் போய், கோவளம் முகத்துவாரத்தில் கடலைச் சேர்கிறது. எதிர்வீட்டுத் தம்பி சொன்ன பாதை சரி.

ஆனால் அவர் நினைக்கிற விதத்தில் அல்ல. குப்பையிலிருந்து கசியும் கறுப்புச் சாற்றில்தான் உலோகம் கொட்டிக் கிடக்கும் என்று எல்லோரும் நினைக்கிறார்கள். புதுக் குப்பை புளிக்கும்போது அமிலம் ஊறும், அப்போது உலோகம் கரையும் என்பது உண்மைதான். குப்பை பழசானதும் அமிலம் அடங்கிவிடும், உள்ளே ஊறும் கந்தகம் உலோகங்களைக் கட்டிப்போட்டுவிடும். அதனால் பழைய மேட்டின் சாற்றில் அம்மோனியாவும் உப்பும் ஏராளம் இருந்தாலும் காரீயம் வியப்பூட்டும் அளவுக்குக் குறைவாகத்தான் இருக்கும். சேற்றுக்கு உலோகம் பெரும்பாலும் துகளாகத்தான் வருகிறது. மேட்டில் தீப்பிடித்து எரிந்த சாம்பல், செம்பு எடுப்பதற்காகக் கொளுத்திய ஒயர், உடைத்த பேட்டரி, பெயின்ட் டப்பா, குழல்விளக்கு ஆகியவற்றின் பொடியை மழை அடித்துக்கொண்டு வந்து சேர்க்கிறது. 2022 ஏப்ரலில் பெருங்குடி மேடு நாள்கணக்கில் எரிந்ததே, அந்தப் புகையை நீங்கள் சுவாசித்திருப்பீர்கள். அதன் சாம்பலை அந்த வருட வடகிழக்குப் பருவமழை எங்கே கொண்டுபோயிருக்கும்?

எல்லாப் பழியையும் குப்பைமேட்டின் தலையில் கட்டவும் மாட்டேன். பழைய மாமல்லபுரம் சாலையின் பிரேக் தூசியில் செம்பு, டயர்த் தேய்மானத்தில் துத்தநாகம், கழிவுநீரில் எல்லாமே கொஞ்சம் கொஞ்சம். மேட்டின் பங்கு எவ்வளவு என்று பிரித்துச் சொல்ல மேலே, கீழே என்று பல இடங்களில் மண் எடுத்து, மண்ணில் இயற்கையாகவே உள்ள அலுமினியத்தோடு விகிதம் போட்டுப் பார்க்க வேண்டும். அது ஆய்வாளர்களின் தலைவலி. உங்கள் தொட்டிக்கு அது எங்கிருந்து வந்தால் என்ன?

மாமனாரிடம் ஒன்று கேளுங்கள்: அள்ளும்போது மண் கறுப்பாக, அழுகிய முட்டை நாற்றத்தோடு இருந்ததா? காயக் காயப் பழுப்பாக மாறியதா? ஆமாம் என்றுதான் சொல்வார் என்று நினைக்கிறேன். கறுப்பைப் பார்த்து மக்கு அதிகம் என்று அவர் நினைத்திருப்பார். ஏரி வண்டலில் அது சரி. காற்றுப் படாத சாக்கடைச் சேற்றில் கறுப்பு என்பது இரும்பு சல்பைடு. அந்தச் சல்பைடோடுதான் காட்மியமும் காரீயமும் துத்தநாகமும் இறுகிக் கிடக்கின்றன. நீருக்கடியில் கிடக்கும்வரை அவை அதிகம் அசையாது. வெளியே எடுத்து வெயிலில் போட்டதும் ஆக்சிஜன் பட்டுச் சல்பைடு சல்பேட் ஆகும், அமிலம் ஊறும், பிடி விடும். முதலில் அவிழ்வது பெரும்பாலும் துத்தநாகமும் காட்மியமும். அடியில் ஓரளவு அடங்கிக் கிடந்த சேற்றைக் கரையில் போட்டுக் காயவைப்பதுதான் ஆகாத வேலை. வெள்ளம் வடிய வேண்டுமென்றால் தூர் வாரத்தான் வேண்டும், அதில் எனக்குச் சந்தேகமில்லை. வாரிய மண்ணைச் சோதித்து, மூடிய வண்டியில் கொண்டுபோய்ச் சேர்க்க வேண்டிய இடத்தில் சேர்ப்பதும் அந்த வேலையில் சேர்த்திதான். குடியிருப்போர் சங்கத்திலிருந்து தகவல் உரிமைச் சட்டத்தில் இரண்டே கேள்வி கேளுங்கள்: வாரும் முன் சேற்றைச் சோதித்தீர்களா, முடிவு என்ன? வாரிய மண் எங்கே போகிறது?

காட்மியத்தை நான் இவ்வளவு அழுத்திச் சொல்லக் காரணம் கீரை. காரீயம் செடிக்குள் அதிகம் ஏறாது, வேரோடு நின்றுவிடும், அல்லது மண்ணாக இலைமேல் தெறித்து ஒட்டியிருக்கும். காட்மியம் இலைவரை ஏறும். பக்கிங்காம் கால்வாய் ஓரத்து மண்ணில் உப்பு இருப்பதால் இன்னும் சுலபமாக ஏறும், குளோரைடு அதைக் கரைத்துக்கொண்டு வரும். தக்காளிப் பழத்துக்குப் போவது கீரையைவிடக் குறைவு. செடி வாடாது, தளதளவென்றே இருக்கும், செழிப்பைப் பார்த்து ஏமாறக்கூடாது. ஜப்பானில் ஜின்சு ஆற்றின் மேல்பக்கத்துச் சுரங்கத்திலிருந்து வந்த காட்மியம், பாசன நீரோடும் வண்டலோடும் வயலில் ஏறி, அரிசி வழியாக மனிதர்களின் சிறுநீரகத்தையும் எலும்பையும் தின்றது. வலி தாங்காமல் அழுததால் 'இத்தாய் இத்தாய்' நோய் என்றே பெயர். அதற்குக் காட்மியமே காரணம் என்று 1968-ல் அந்நாட்டு அரசு ஒப்புக்கொண்டது. அவர்கள் பல பத்தாண்டுகள் அந்த வயலிலேயே சாப்பிட்டவர்கள், உங்கள் கதை அதுவல்ல. ஆனால் சிறுநீரகத்தில் ஏறிய காட்மியம் பாதி இறங்கவே பத்து முதல் முப்பது வருடம் ஆகும் என்பதால் ஏற்றாமல் இருப்பதுதான் வழி.

மண்ணைச் சோதித்துப் பார்க்கலாம். எல்லாத் தொட்டிகளிலிருந்தும் கொஞ்சம் கொஞ்சம் எடுத்துக் கலந்து, நிழலில் உலர்த்தி, கல், வேர் நீக்கி அரைக் கிலோ பிளாஸ்டிக் பையில் போடுங்கள். வெயிலிலோ அடுப்பருகிலோ காயவைத்தால் பாதரசம் பறந்துவிடும். அந்த வண்டல் கலக்காத பழைய செம்மண் தொட்டியிலிருந்தும் ஒரு பை எடுங்கள், ஒப்பிட ஒன்று வேண்டும். தகரக் கரண்டி, துத்தநாகம் பூசிய வாளி எதுவும் ஆகாது. இளவயதில் நான் ஒரு சதுப்பில் நாள் முழுக்க இடுப்பளவு சேற்றில் நின்று மாதிரி எடுத்து, புது கால்வனைஸ் வாளியில் சேர்த்துக்கொண்டு வந்தேன். முடிவில் துத்தநாகம் வானத்துக்கு எகிறியது. மாசைக் கண்டுபிடித்துவிட்டோம் என்று குதித்தேன், வாளியைக் கண்டுபிடித்தவர் என் ஆசிரியர். மறுநாள் காலை மறுபடியும் அதே சேற்றில் இறங்கினேன்.

ஆய்வகங்களின் தரத்தைச் சரிபார்க்கும் என்.ஏ.பி.எல். அமைப்பின் அங்கீகாரம் உள்ள ஆய்வகத்தில், அமிலத்தில் செரித்து மொத்தக் காரீயம், காட்மியம், குரோமியம், நிக்கல், ஆர்சனிக், பாதரசம், அதோடு அமிலத்தன்மை என்று எழுதிக் கொடுங்கள். ஆற்றுச் சேற்றுக்கென்று நம் நாட்டில் குடிநீருக்கு இருப்பது போல எல்லை வகுக்கவில்லை. அதனால் நகரக் கம்போஸ்ட் உரத்துக்கு உள்ள எல்லையோடு ஒப்பிடுவார்கள்: கிலோவுக்குக் காரீயம் 100 மில்லிகிராம், காட்மியம் 5, குரோமியம் 50, நிக்கல் 50, பாதரசம் 0.15. இதைக் கண்ணை மூடிக்கொண்டு பின்பற்ற வேண்டாம். இயற்கையான களிப்பாறையிலேயே குரோமியம் சராசரி 90 இருக்கும். ஆகவே குரோமியம் 80 என்று வந்தால் பயப்பட ஒன்றுமில்லை, காற்றில்லாச் சேற்றில் அது பெரும்பாலும் தீங்கு குறைந்த வடிவில்தான் இருக்கும். காட்மியமோ இயற்கையில் 0.3 அளவுக்குத்தான் இருக்கும். கம்போஸ்ட் எல்லையான 5 எனக்கு மிகத் தாராளமாகப் படுகிறது, 1-க்கு மேல் போனாலே அதில் கீரை போடமாட்டேன். நீர்வாழ் உயிர்களை வைத்து 2000-ல் வட அமெரிக்க ஆய்வாளர்கள் தொகுத்த அளவுகோலும் இதற்குப் பக்கத்தில்தான் நிற்கிறது: காட்மியம் 0.99-க்குக் கீழே பாதிப்பு அரிது, 4.98-க்கு மேலே பாதிப்பை எதிர்பார்க்கலாம். காரீயத்துக்கு 35.8, 128.

சோதனைக்குச் செலவழிக்க மனமில்லையென்றால் விட்டுவிடலாம். அந்த மண்ணைக் குரோட்டன்ஸ், அரளி, செம்பருத்தித் தொட்டிகளுக்கு மாற்றி, மேலே நான்கு விரல் செம்மண்ணோ தென்னைநார்க் கழிவோ போட்டு மூடுங்கள். கைக்கு உறை, மண்ணை நனைத்துக்கொண்டு வேலை. சாக்கடையில் மட்டும் கொட்ட வேண்டாம், அது மறுபடி மடுவுக்கே போகும். குப்பைமேட்டைத் தோண்டிச் சலித்த 'நல்ல மண்' என்று யாராவது தோட்டத்துக்குக் கொடுத்தாலும் இதே பதில்தான்.

மகனுக்கு ஆபத்து கீரையைவிடக் கையால்தான். சின்னக் குழந்தைக்குக் காரீயம் போகும் பெரிய வழி மண் ஒட்டிய விரல். மண்ணில் காரீயம் 100-க்கு மேல் வந்தாலோ, அவன் மாதக்கணக்கில் அதில் புரண்டிருந்தாலோ குழந்தை மருத்துவரிடம் சொல்லி ரத்தத்தில் காரீயம் பாருங்கள். நரம்பிலிருந்து எடுத்த ரத்தமாக இருக்கட்டும், விரலில் குத்தினால் தோலில் ஒட்டிய தூசியும் சேர்ந்து ஏமாற்றும். டெசிலிட்டருக்கு 5 மைக்ரோகிராம் வந்தால் காரீயம் எங்கிருந்து வருகிறது என்று தேடிப்பிடித்து அகற்றச் சொல்கிறது உலகச் சுகாதார நிறுவனம். அதற்குக் கீழே இருந்தால் பாதுகாப்பு என்று பொருளல்ல, அப்படி ஒரு அளவே கிடையாது. இரும்பும் கால்சியமும் குறைந்த உடல் காரீயத்தை அதிகம் உறிஞ்சும், கேழ்வரகுக் கஞ்சியை நிறுத்தாதீர்கள். அடுத்த கேள்வி வருவதற்குள் நானே சொல்லிவிடுகிறேன்: ரசம் வைக்கிற ஈயச் சொம்பு வெள்ளீயம், அது வேறு உலோகம். காரீயம் கலந்த மலிவுச் சொம்புகளும் விற்கிறார்கள், எனவே தெரிந்த கடையில் வாங்கியதாக இருந்தால் சரி.

மீன் விஷயத்தில் ஒரே பதில் இல்லை. காரீயமும் காட்மியமும் மீனின் சதையில் குறைவு, ஈரல், குடல், செவுளில் அதிகம். மடவை அடிச்சேற்றை மேய்கிற மீன், குடல் நிறையச் சேறுதான் இருக்கும். பாதரசம் மட்டும் சதையிலேயே ஏறும், கழுவினாலும் கொதித்தாலும் போகாது. மட்டி போன்ற சிப்பி வகைகள் நீரை வடிகட்டித் தின்பவை, அவற்றை மடுவிலிருந்து எடுத்துச் சாப்பிடவே வேண்டாம். என் தீர்ப்பு: மகனுக்கும், வீட்டில் கர்ப்பிணி இருந்தால் அவருக்கும் மடு மீன் வேண்டாம். பெரியவர்கள் எப்போதாவது, செவுளும் குடலும் தலையும் நீக்கிச் சாப்பிட்டால் உலோகத்தைவிடக் கழிவுநீர்க் கிருமிகள்தான் எனக்குக் கவலை, நன்றாக வேகவையுங்கள். அந்த அக்கா வாரத்துக்கு எத்தனை நாள் சாப்பிடுகிறார், வீட்டில் குழந்தைகள் உண்டா என்று கேட்டுவிட்டு இதை அவரிடமும் சொல்லுங்கள். உங்களுக்கு எப்போதாவது வருவது அவர்களுக்கு அன்றாடக் குழம்பாக இருக்கலாம்.

மாமனாரிடம் 'விஷ மண்ணைக் கொண்டுவந்துவிட்டீர்கள்' என்று ஆரம்பிக்காதீர்கள். வண்டலைப் பற்றி அவர் சொன்னது சரி, இந்த வண்டல் எந்த வழியாக வந்தது என்பதுதான் அவருக்குத் தெரியாது என்று சொல்லுங்கள். பள்ளிக்கரணைக்கு ஒருநாள் மாலை கூட்டிக்கொண்டு போய், ஒரு பக்கம் பறவைகளும் மறுபக்கம் மேடும் தெரியும் இடத்தில் நிறுத்தினால் நான் எழுதியதைவிடச் சீக்கிரம் புரிந்துகொள்வார். அடுத்த முறை ஊருக்குப் போகும்போது அவர் தங்கள் ஊர் ஏரியில் இரண்டு சாக்கு அள்ளி வரட்டும், சாலையோரத்தில் இல்லாமல் ஏரியின் உள்பக்கத்தில். அதையும் உங்கள் செம்மண்ணோடு பாதிக்குப் பாதி கலந்துதான் தொட்டியில் போட வேண்டும், வெறும் வண்டல் தொட்டியில் இறுகிப்போகும். இதை அவரே உங்களுக்குச் சொல்வார்.